அத்தியாவசியக் கொழுப்பு அமிலக் குறைபாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அத்தியாவசியக் கொழுப்பு அமிலம் என்றால் எது? எல்லாக் கொழுப்பும் அத்தியாவசியம்தானா?

இல்லை. நாம் சாப்பிடும் கொழுப்பில் உள்ள அமிலங்களில் பெரும்பாலானவற்றை நம் கல்லீரலே செய்துகொள்ளும். சோறும் சர்க்கரையும் அதிகமாகப் போனால் தொப்பை விழுவது அப்படித்தான். உடம்பால் செய்துகொள்ளவே முடியாதவை இரண்டு: ஒமேகா-6 குடும்பத்தைச் சேர்ந்த லினோலெயிக் அமிலம், ஒமேகா-3 குடும்பத்தைச் சேர்ந்த ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். இவற்றில் இரட்டைப் பிணைப்புகள் அமைந்திருக்கும் இடங்கள் அப்படி. அந்த இடங்களில் பிணைப்பைப் போடும் நொதிகள் செடிகளிடம் இருக்கின்றன, மனிதரிடம் இல்லை. ஆகவே இவற்றை உணவிலிருந்து பெற்றே ஆக வேண்டும்.

இந்த இரண்டும் கிடைத்துவிட்டால் மீதியை உடம்பு பார்த்துக்கொள்ளும். லினோலெயிக்கிலிருந்து அராகிடோனிக் அமிலம் வரும். ஆல்ஃபா லினோலெனிக்கிலிருந்து இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற வேறு இரண்டு ஒமேகா-3 அமிலங்கள் வரும். ஆனால் டி.எச்.ஏ. வரை போய்ச் சேருவது மிகக் கொஞ்சம்தான்.

இது இல்லாவிட்டால் நோய் வரும் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1920களில் கொழுப்பு என்பது வெறும் கலோரி, மிஞ்சினால் சில வைட்டமின்களைச் சுமந்து வரும் சரக்கு, அவ்வளவுதான் என்று நினைத்தார்கள். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர்ரும் அவர் மனைவி மில்ட்ரெட்டும் எலிகளுக்குக் கொழுப்பே துளியும் இல்லாத உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். தெரிந்த வைட்டமின்களைத் தனியாகச் சேர்த்தும் எலிகள் வளர்வதை நிறுத்தின. வால் செதில் செதிலாக உரிந்தது, முடி கொட்டியது, சிறுநீரில் ரத்தம் வந்தது, பெண் எலிகளின் கருமுட்டைச் சுழற்சி குழம்பியது, கடைசியில் செத்தன. தினமும் சில சொட்டு லினோலெயிக் அமிலம் கொடுத்ததும் தேறின. 1929-லும் 1930-லும் வந்த இரண்டு கட்டுரைகளில் இதைச் சொன்னார்கள்.

எலிக்குச் சரி, மனிதருக்கு? அதே ஆய்வுக்கூடத்தில் இருந்த வில்லியம் பிரவுன் என்பவர் தானே ஆறு மாதம் கொழுப்பற்ற உணவைச் சாப்பிட்டார். ரத்தத்தில் லினோலெயிக் அளவும் அராகிடோனிக் அளவும் இறங்கின. ஆனால் தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆளும் நன்றாகத்தான் இருந்தார். அவருக்கு இருந்த ஒற்றைத் தலைவலிகூடப் போய்விட்டது! 1938-ல் இது வெளியானதும், 'இது எலிகளின் பிரச்சினை' என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். பெரியவர்கள் விஷயத்தில் இந்த எண்ணம் கிட்டத்தட்ட 30 வருடம் நீடித்தது.

குழந்தைகள் விஷயத்தில் விடை கொஞ்சம் முன்பே வந்தது. டெக்சாஸ் மாநிலம் கால்வெஸ்டனில் அரில்ட் ஹான்சன் 428 கைக்குழந்தைகளுக்கு வெவ்வேறு அளவு கொழுப்புள்ள பால் கலவைகளைக் கொடுத்துக் கவனித்தார். கொழுப்பு நீக்கிய பாலை நம்பியிருந்த குழந்தைகளுக்குத் தோல் வறண்டு, தடித்து, உரிந்தது. மொத்தக் கலோரியில் 1 சதவீதம் லினோலெயிக் கிடைத்ததும் சரியாகிவிட்டது. 1963-ல் முடிவுகள் வெளியாயின. இன்றைக்கு இப்படி ஓர் ஆய்வை எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆனால் 'குறைந்தபட்சம் இவ்வளவு' என்று நாம் இன்று சொல்லும் கணக்கின் அடித்தளம் அந்தக் குழந்தைகள்தான்.

குறைந்தால் முதலில் எங்கே தெரியும்?

தோலில். காரணம் அழகுக்கலை சம்பந்தப்பட்டதல்ல. தோலின் மேலடுக்கில் செல்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்கும், இடையில் சாந்து மாதிரி செராமைடு போன்ற கொழுப்புப் பொருட்கள். அந்தச் செராமைடுகளில் தண்ணீரை உள்ளே நிறுத்தி வைக்கும் முக்கியமான வகையில் லினோலெயிக் அமிலம் நேரடியாகக் கோக்கப்பட்டிருக்கிறது. அது கிடைக்காதபோது உடம்பு அந்த இடத்தில், தானே செய்துகொள்ளக்கூடிய ஒலெயிக் அமிலத்தை வைத்து ஒப்பேற்றப் பார்க்கும். ஆனால் நீர் கசியும். பர் தம்பதியின் எலிகள் ஏராளமாகத் தண்ணீர் குடித்தும் சிறுநீர் அதற்கேற்றபடி போகவில்லை என்பது அன்றைக்குப் புதிராக இருந்தது. தண்ணீர் தோல் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மனிதரில் இது வறண்டு செதில் உரியும் தடிப்பாகத் தெரியும். முகம், மடிப்புகள், கை கால் என்று பரவும். சிலருக்குச் சிவந்து, கசிந்து, எக்சிமா போலவே இருக்கும். தோல் வழியாக நீர் போகும்போது உடம்புச் சூடும் சேர்ந்து போகிறது. அதனால் குறைமாதக் குழந்தைக்கு இது வெறும் தோல் பிரச்சினை இல்லை.

தோலைத் தவிர வேறென்ன ஆகும்?

முடி மெலிந்து கொட்டும், நிறமும் வெளுக்கலாம். புண் ஆறத் தாமதமாகும். தொற்று எளிதில் பிடிக்கும். ரத்தத் தட்டணுக்கள் குறையலாம். கல்லீரலில் கொழுப்பு சேரும். கொழுப்பே சாப்பிடாதவருக்குக் கல்லீரலில் கொழுப்பா என்று கேட்பீர்கள். கலோரி முழுக்கச் சர்க்கரையாகப் போகும்போது கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றுகிறது, மாற்றியதை வெளியே அனுப்ப முடியாமல் திணறுகிறது. கைக்குழந்தைகளுக்கு எடை ஏறாது.

இதெல்லாம் ஏன் இத்தனை இடத்தில்? ஒவ்வொரு செல்லின் சவ்விலும் இந்த அமிலங்கள் இருக்கின்றன. போதாததற்கு, வீக்கம், ரத்த உறைவு போன்றவற்றை நடத்தும் புரோஸ்டகிளாண்டின் வகையறாக்கள் அராகிடோனிக் அமிலத்திலிருந்துதான் வருகின்றன.

ஒமேகா-3 மட்டும் குறைந்தால்?

தோல் பெரும்பாலும் தப்பிக்கும். அடி படுவது நரம்பும் கண்ணும். விழித்திரையிலும் மூளையிலும் டி.எச்.ஏ. மிக அதிகம். 1980களில் அமெரிக்காவின் ஒரேகானில், ஒமேகா-3 இல்லாத உணவில் வளர்ந்த குரங்குக் குட்டிகளுக்குப் பார்வைக் கூர்மை குறைந்தது தெரியவந்தது.

மனிதரில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது, மினசோட்டாவில் இருந்த ரால்ஃப் ஹோல்மன் குழு 1982-ல் எழுதிய ஒரு சிறுமியின் கதை. வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து குடலின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். ஆறு வயது. ரத்தக்குழாய் வழியாக, டிரிப்பில்தான் உணவு. அதில் போன கொழுப்பு குசும்பா எண்ணெயிலிருந்து செய்தது. அதில் லினோலெயிக் தாராளம், ஒமேகா-3 கிட்டத்தட்ட இல்லை. சில மாதங்களில் கை காலில் மரத்துப்போதல், பலவீனம், கால்வலி, மங்கலான பார்வை, நடக்க முடியாத நிலை. சோயா எண்ணெய்க் கலவைக்கு மாற்றியதும் சரியானது. ஒரே ஒரு நோயாளிதான் என்பதால் இதை வைத்துப் பெரிய கோட்டை கட்ட முடியாது. ஆனாலும் ஒமேகா-3யை மனிதருக்கும் அத்தியாவசியப் பட்டியலில் சேர்க்க அது ஒரு வலுவான காரணமாக இருந்தது.

எனக்குத் தோல் வறட்சி, முடியும் கொட்டுகிறது. இந்தக் குறைபாடுதானா?

வாய்ப்பு மிகக் குறைவு. மூன்று வேளை சாப்பிட்டு, சமையலில் ஏதோ ஓர் எண்ணெய் சேர்த்து, சாப்பிட்டது செரித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இந்தக் குறைபாடு வருவது அபூர்வம். இரும்புச் சத்து, தைராய்டு, துத்தநாகம், கடுமையான சோப்பு, வெந்நீர்க் குளியல், பிரசவத்துக்குப் பிந்தைய முடி உதிர்வு, இவற்றையெல்லாம் முதலில் பாருங்கள். 'உங்களுக்கு இந்த பத்து அறிகுறிகள் இருக்கிறதா' என்று கேட்டுவிட்டு முடிவில் மாத்திரை டப்பாவைக் காட்டும் விளம்பரங்கள் சொல்லும் பத்தும் யாருக்கும் பொருந்தும்.

அப்படியானால் யாருக்குத்தான் வரும்?

மூன்று வகை. சாப்பிட முடியாதவர்கள், சாப்பிட்ட கொழுப்பை உறிஞ்ச முடியாதவர்கள், வேறு நோய்க்காகக் கொழுப்பை நிறுத்தச் சொல்லப்பட்டவர்கள்.

முதல் வகைதான் இந்த நோயைப் பெரியவர்களிடமும் நிரூபித்தது. அதில் ஒரு வினோதமான சரித்திரம் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் அர்விட் ரெட்லிண்ட், சோயா எண்ணெயையும் முட்டைக் கருவிலிருந்து எடுத்த பாஸ்போலிப்பிடையும் கொண்டு, ரத்தக்குழாயில் பாதுகாப்பாக ஏற்றக்கூடிய இன்ட்ராலிப்பிட் என்ற வெள்ளைத் திரவத்தை உருவாக்கினார். அமெரிக்காவில் அதற்கு முன் இருந்த பருத்திவிதை எண்ணெய்க் கலவை பக்கவிளைவுகளால் கைவிடப்பட்டிருந்தது. அந்தச் சூடு பட்டதால் புதியதையும் அவர்கள் 1975 வரை அனுமதிக்கவில்லை. இதற்கிடையில், 1960களின் கடைசியில், வாயில் எதுவுமே போகாமல் முழு உணவையும் பெரிய ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் டி.பி.என். முறை அங்கே பரவியது. சர்க்கரை, அமினோ அமிலம், உப்பு, வைட்டமின் எல்லாம் இருந்தன, கொழுப்பு இல்லை. விளைவு, சில வாரங்களில் செதில் உரியும் நோயாளிகள். பிரவுனின் ஆறு மாதத்தில் வராதது, டிரிப்பில் ஒரு மாதத்தில் வந்தது.

இரண்டாவது வகையில் குடல் நீளம் குறைந்தவர்கள், கிரோன் என்ற குடல் அழற்சி நோய், சளி கெட்டியாகும் பிறவி நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், நாள்பட்ட கணைய அழற்சி உள்ளவர்கள், பித்தநாளம் அடைபட்ட குழந்தைகள் வருவார்கள். மலம் எண்ணெய்ப் பசையோடு, நாற்றத்தோடு, மிதந்தால் அது ஒரு தடயம். சாப்பிடவே மறுக்கும் அனொரெக்சியா நோயாளிகளையும் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது வகை பலர் கண்ணில் படுவதில்லை. நிணநீர் கசிந்து நெஞ்சில் சேர்பவர்களுக்கும், சாதாரண எண்ணெயில் இருக்கும் நீள்சங்கிலிக் கொழுப்பை எரிக்க முடியாத பிறவிக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கும் சாதாரண எண்ணெயைக் குறைத்து எம்.சி.டி. எனும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு எண்ணெய் கொடுப்பார்கள். சுத்தமான எம்.சி.டி.யில் கலோரி உண்டு, இந்த இரண்டு அமிலங்களும் கிடையாது. அதனால்தான் டயட்டீஷியன் தினமும் இத்தனை மில்லி சூரியகாந்தி அல்லது வால்நட் எண்ணெய் என்று அளந்து எழுதித் தருகிறார். பார்ப்பதற்குச் சின்னதாகத் தெரிகிறதே என்று வீட்டில் அதை விட்டுவிடக் கூடாது.

என் உடம்பில்தான் கொழுப்பு நிறைய இருக்கிறதே, அதிலிருந்து எடுத்துக்கொள்ளாதா?

நல்ல கேள்வி. மேலே சொன்ன பிரவுன் புதிருக்கும் இதில்தான் பதில் இருக்கிறது. உடம்புக் கொழுப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு லினோலெயிக். 15 கிலோ கொழுப்பு உள்ளவரிடம் ஒன்றரை கிலோ கையிருப்பு என்று வையுங்கள். ஒரு நாளைக்குச் சில கிராம்தான் தேவை. சாதாரணமாகச் சாப்பிடுபவருக்கு இரவில், இரண்டு வேளைகளுக்கு நடுவில், இன்சுலின் இறங்கும்போது அந்தக் கையிருப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். பிரவுன் இரவில் தூங்கினார், எடையும் சற்றுக் குறைந்தார்.

டிரிப்பில் 24 மணி நேரமும் சர்க்கரை போகிறவருக்கு இன்சுலின் இறங்குவதே இல்லை. இன்சுலின் இருக்கும்வரை கொழுப்புத் திசு எதையும் வெளியே விடாது. ஆகவே குண்டானவருக்கும் குறைபாடு வரும். குறைமாதக் குழந்தைக்குக் கையிருப்பே இல்லை, அதனால் ரத்தத்தில் மாற்றம் சில நாட்களிலேயே தெரிந்துவிடும்.

பரிசோதனை உண்டா?

உண்டு, ஆனால் எல்லா லேப்பிலும் கிடைக்காது. வழக்கமாக எடுக்கும் கொலஸ்ட்ரால் பரிசோதனையில் இது தெரியாது.

இந்தப் பரிசோதனை வேலை செய்யும் விதம் சுவாரசியமானது. ஒரே நொதிதான் மூன்று அமிலங்களைக் கையாள்கிறது. அதற்கு ஒமேகா-3 மேல் அதிக விருப்பம், அடுத்து ஒமேகா-6, கடைசியில் ஒலெயிக். முதல் இரண்டும் வராதபோது வேறு வழியின்றி ஒலெயிக்கை எடுத்து மீட் அமிலம் என்ற ஒன்றைச் செய்யும். ஆரோக்கியமானவர் ரத்தத்தில் இது மிகச் சொற்பம். மீட் அமிலத்தை அராகிடோனிக்கால் வகுத்துப் பார்க்கலாம் என்று ஹோல்மன் 1960-ல் சொன்னார், 0.4-க்கு மேல் போனால் குறைபாடு என்றார். இப்போது 0.2-ஐயே எல்லையாகப் பலர் வைக்கிறார்கள். தோல் உரியும் முன்பே இந்த எண் ஏறிவிடும். ஆனால் ஒமேகா-3 மட்டும் குறைந்திருந்தால் இந்த எண்ணில் தெரியாது. அதற்கு டி.எச்.ஏ. அளவைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்?

லினோலெயிக் மொத்தக் கலோரியில் சுமார் 2 சதவீதம், ஆல்ஃபா லினோலெனிக் அரை சதவீதம் இருந்தால் குறைபாடு வராது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு இது நாலரை கிராமும் ஒரு கிராமும். ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் 5 கிராமுக்கு மேல் லினோலெயிக் இருக்கிறது. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 4 கிராம் அளவுக்கு இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய் மட்டும்தான். பிரச்சினையா?

தேங்காய் எண்ணெயில் லினோலெயிக் 2 சதவீதம் அளவில்தான். ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்கு இந்தக் குறைபாட்டை வரவழைக்க ஹைட்ரஜனேற்றிய தேங்காய் எண்ணெயைத்தான் கொடுப்பார்கள். இதைக் கேட்டதும் பயந்துவிட வேண்டாம். நாகர்கோவிலிலோ யாழ்ப்பாணத்திலோ யாரும் எண்ணெயை மட்டும் குடித்து வாழவில்லை. மீன், கடலை, எள்ளு, கம்பு, முட்டை என்று வேறு வழிகளில் வருகிறது. ஆனால் தேங்காய் எண்ணெயைத் தவிர வேறெதுவும் தொடமாட்டேன், கடலையும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று உணவுமுறை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். ரேஷன் பாமாயிலில் 10 சதவீதம், கடலை எண்ணெயில் 30 சதவீதம் அளவில், நல்லெண்ணெயில் 40-க்கு மேல், சாதாரணச் சூரியகாந்தியில் 60 சுற்றி. நெய்யும் தேங்காய் எண்ணெய் பக்கம்தான்.

சைவம் சாப்பிடுபவருக்கு ஒமேகா-3 எங்கே கிடைக்கும்?

ஆளிவிதையில் நிறைய. பொடித்துச் சாப்பிடுங்கள், முழுசாக விழுங்கினால் அப்படியே வெளியே போய்விடும். கடுகு எண்ணெய், சோயா எண்ணெய், வால்நட், வெந்தயம், கீரை. இட்லிக்கு ஊறப்போடும் உளுந்தும் பட்டியலில் உண்டு. அதில் கொழுப்பு கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சத்தில் ஆல்ஃபா லினோலெனிக்கின் பங்கு பெரிது. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் ஒமேகா-3 பெயருக்குத்தான். மீன் சாப்பிடுபவர்கள் மத்தி, அயிலை, நெத்திலி என்று மலிவான மீன்களிலேயே டி.எச்.ஏ.வை நேராகப் பெறலாம்.

பிள்ளைகளின் முழங்கையில் தவளைத் தோல் மாதிரி முள் முள்ளாக இருக்கிறதே, அது இதுதானா?

இருக்கலாம். முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் மயிர்க்கால்களைச் சுற்றிக் கூராக எழும்பும் இதற்கு ஃபிரைனோடெர்மா என்று 1933-ல் லூசியஸ் நிக்கல்ஸ் பெயர் வைத்தார். வைட்டமின் ஏ குறைவு என்று அன்று நினைத்தார்கள். பிறகு குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தில் இதைத் தோண்டினார்கள். 1953-ல் ராமலிங்கசாமியும் சின்க்ளேரும் எலிகளில் வைட்டமின் ஏ குறைவையும் கொழுப்பு அமிலக் குறைவையும் தனித்தனியாக ஒப்பிட்டு எழுதினார்கள். அந்தக் கூடம்தான் பின்னர் ஹைதராபாத் போய், தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது.

இன்றைய கருத்து, ஒரே காரணம் இல்லை என்பது. கொழுப்பு அமிலமும் பி வைட்டமின்களும் சேர்ந்தே குறைந்திருக்கும், லினோலெயிக் நிறைந்த எண்ணெயையும் பி காம்ப்ளெக்ஸையும் சேர்த்துக் கொடுக்கும்போது நன்றாகக் கேட்கிறது. பார்வைக்கு இதே போலிருக்கும் பரம்பரைத் தோல் நிலை ஒன்றும் உண்டு, அதற்குச் சத்துக் குறைவு காரணமில்லை. தோல் மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

குழந்தைக்கு ஆடை நீக்கிய பால் கொடுக்கலாமா?

இரண்டு வயதுக்குள் வேண்டாம்.

எண்ணெயை வாயால் சாப்பிடாமல் தோலில் தேய்த்தால் போதுமா?

ஓரளவுக்கு உள்ளே போகும். 1970களில் இங்கிலாந்தில் குறைபாடு உள்ளவர்களின் கையில் சூரியகாந்தி எண்ணெய் தேய்த்தபோது அந்த இடத்தில் நீர்க்கசிவு குறைந்தது. ஆனால் குறைமாதக் குழந்தைகளிடம் ரத்த அளவைச் சரிசெய்ய இது போதவில்லை. தோலின் தடுப்பைப் பலப்படுத்துவது வேறு விஷயம். டாக்காவில் ஒரு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவியதில் மருத்துவமனைத் தொற்று 41 சதவீதம் குறைந்ததாக 2005-ல் வெளியானது. அதைப் பார்த்துவிட்டு வீட்டில் கையில் கிடைத்த எண்ணெயைத் தேய்க்க வேண்டாம். எலிகளில் கடுகு எண்ணெய் தோலின் தடுப்பைக் கெடுத்ததையும் அதே ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் ஒருவர் ஐ.சி.யூ.வில் டிரிப் உணவில் இருக்கிறார். என்ன கேட்க வேண்டும்?

சாதாரண குளுக்கோஸ் டிரிப் இரண்டு மூன்று நாள் என்றால் கேட்க ஒன்றுமில்லை. மூக்குக் குழாய் வழியாக உணவு போனால் அதில் எண்ணெய் இருக்கும். ரத்தக்குழாய் வழி முழு உணவு ஒரு வாரத்தைத் தாண்டினால், 'லிப்பிட் (கொழுப்புத் திரவம்) போகிறதா' என்று கேளுங்கள். பால் போல வெள்ளையாக இருப்பது அதுதான், சில சமயம் மற்றவற்றோடு ஒரே பையில் கலந்தும் வரும். சோயா அல்லது முட்டை ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மயக்கத்தில் வைக்கக் கொடுக்கும் புரோபோஃபாலும் வெள்ளைதான், அதுவும் சோயா எண்ணெயில்தான் கரைந்திருக்கிறது. அது ஓடும்வரை கொஞ்சம் கொழுப்பு போய்க்கொண்டிருக்கும், அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு லிப்பிடைக் குறைத்திருக்கலாம். புரோபோஃபாலை நிறுத்திய பிறகு லிப்பிடைத் திரும்பத் தொடங்கினார்களா என்று விசாரியுங்கள். ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறினாலும் லிப்பிடை நிறுத்துவது வழக்கம், அது சரியான முடிவுதான். எத்தனை நாளாக நிறுத்தியிருக்கிறது, வாரத்துக்கு இரண்டு தடவையாவது குறைந்த அளவில் கொடுக்க முடியுமா என்று டாக்டரிடமோ டயட்டீஷியனிடமோ கேட்கலாம். குறைபாடு ஏற்கெனவே வந்திருந்தாலும், லிப்பிட் திரும்பப் போக ஆரம்பித்த ஓரிரு வாரங்களில் தோல் தேறத் தொடங்கும்.